பேரேடு முதல் தரவுத்தளம் வரை: கணக்கு நம் கையில் இருக்கட்டும்



இன்றைக்கு நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பலசரக்குக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், கணக்கு மென்பொருள் விற்பதற்கு ஒருவர் வந்துவிடுகிறார். "கிளவுட்" என்கிறார், "ஆப்" என்கிறார், "செயற்கை நுண்ணறிவு" என்கிறார். நாமும் தலையை ஆட்டுகிறோம். கடைசியில் விலையை மட்டும் பேரம் பேசி வாங்கிப் போடுகிறோம். அரிசி மூடையைக் குத்தூசியால் குத்தி, நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறவர்கள் நாம். நம் கணக்கு முழுவதையும் ஒப்படைக்கப் போகிற பொருளை மட்டும் குத்திப் பார்க்காமல் வாங்குவது சரியா?

கணக்கு மென்பொருள் எதுவானாலும் அதன் அடியில் இருப்பது தரவுத்தளம். டேட்டாபேஸ் என்று நம் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். நாங்கள் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். கணிப்பொறி நிபுணர்கள் அல்ல. ஆனால் கல்லாவில் உட்கார்ந்து பல காலம் கணக்குப் பார்த்தவர்கள். அந்த அனுபவத்தை வைத்து, இந்தத் தரவுத்தளம் என்பது என்ன, அது எப்படி வளர்ந்தது, நமக்கு அதில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதைச் சக வியாபாரிகளுக்குச் சொல்ல முயல்கிறோம்.

ஒரே விற்பனை, நாலு புத்தகம்

நம் பெரியவர்கள் கணக்கு எழுதிய முறையை இன்றைய இளைஞர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். திருவிதாங்கூர் காலத்தில் மலையாள ஆண்டு போட்டு எழுதிய கணக்குகள் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் முறை மாறவில்லை. கடையில் நடந்ததை உடனே சிட்டையில் குறிப்பது. இரவில் அதை நாள்வழியில் ஏற்றுவது. பிறகு பேரேட்டில் அவரவர் பக்கத்தில் பற்று வரவு எழுதுவது. ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பது. 

பத்து மூடை சீனி கடனுக்குப் போனால், அந்த ஒரே விஷயம் பில்லில் ஒரு முறை, நாள்வழியில் ஒரு முறை, பேரேட்டில் ஒரு முறை, சரக்கு இருப்புப் புத்தகத்தில் ஒரு முறை என்று நாலு இடத்தில் எழுதப்பட்டது. நாலில் ஒன்றில் கை தவறினால் மற்ற மூன்றோடு ஒத்துப் போகாது. எட்டணா வித்தியாசத்துக்காகக் கணக்குப்பிள்ளை மூன்று இரவு விளக்கெரித்தது இதனால்தான். குறை கணக்குப்பிள்ளையிடம் இல்லை. ஒரே செய்தியை நாலு இடத்தில் எழுத வைத்த முறையில் இருந்தது.

தரவுத்தளம் தீர்க்க வந்தது இந்தக் குறையைத்தான். எந்தச் செய்தியையும் ஒரே ஒரு இடத்தில் எழுது. வேண்டிய இடத்திலெல்லாம் அங்கிருந்து எடுத்துக்கொள் என்பதே அதன் அடிப்படை. மற்றதெல்லாம் இதிலிருந்து வளர்ந்தவை.

ராக்கெட்டுக்கும் சரக்குப் பட்டியல்தான்

தரவுத்தளத்தை உண்டாக்கியது வெறும் படிப்பாளிகளின் ஆசை அல்ல. சரக்குக் கணக்குதான். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் என்பவர் 1960களின் தொடக்கத்தில் தொழிற்சாலை உற்பத்தியையும் இருப்பையும் கவனிப்பதற்காகத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கினார். அதே பத்தாண்டில், சந்திரனுக்கு ஆளனுப்பும் அப்போலோ திட்டத்தில், ராக்கெட்டின் எண்ணற்ற உதிரிபாகங்களின் பட்டியலைக் கட்டிக் காக்க ஐ.பி.எம். நிறுவனம் ஒரு முறையைக் கண்டது. ராக்கெட்டானாலும் பலசரக்கானாலும், எது எத்தனை இருக்கிறது என்ற கேள்வி ஒன்றுதான்.

அந்தப் பழைய முறைகளில் ஒரு சிரமம். செய்திகள் ஒன்றோடொன்று சங்கிலி போலக் கோக்கப்பட்டிருந்தன. எந்த வழியாகப் போக வேண்டும் என்று தெரிந்தவர்தான் உள்ளே போய் எடுக்க முடியும். ஐ.பி.எம்.மில் பணியாற்றிய கணித அறிஞர் எட்கர் காட், 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இதை மாற்றினார். எல்லாச் செய்தியையும் எளிய அட்டவணைகளாக வையுங்கள். எது வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். எப்படித் தேடுவது என்பதைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அப்படிக் கேட்பதற்கென்று பிறந்த மொழிதான் எஸ்.கியூ.எல். அரை நூற்றாண்டு கடந்தும் வங்கி, ரயில்வே, வரி அலுவலகம் என்று உலகெங்கும் அதுவே பெரும்பாலும் பேசப்படுகிறது.

நம் கடைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு அட்டவணையில் சரக்குகள்: பெயர், குறியீட்டு எண், வரி விகிதம். இன்னொன்றில் பார்ட்டிகள்: பெயர், ஊர், ஜி.எஸ்.டி. எண். மூன்றாவதில் பில்கள்: தேதி, எந்தப் பார்ட்டி, எந்தச் சரக்கு, எத்தனை, என்ன விலை. பில்லில் பார்ட்டியின் விலாசத்தை எழுதுவதில்லை. அவருடைய எண்ணை மட்டும் குறிக்கிறது. விலாசம் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். போன ஓணத்துக்கு முந்தின வாரம் தேங்காய் எண்ணெய் எத்தனை டின் போயிற்று, கிறிஸ்துமசுக்கு மைதா எத்தனை மூடை போயிற்று, பொங்கலுக்கு வெல்லம் எவ்வளவு போயிற்று என்று இந்த மூன்று அட்டவணையையும் சேர்த்துக் கேட்டால் நொடியில் பதில் வருகிறது. பேரேட்டில் இதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும்.

முழுதாக நடக்க வேண்டும், அல்லது நடக்கவே கூடாது

தரவுத்தளத்தின் இன்னொரு பெரிய குணத்தை வியாபாரிகளான நாம்தான் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். கொடுக்கல் வாங்கலில் பாதி என்பது இல்லை. சரக்கு போயிற்று, பற்று எழுதவில்லை என்றால் நஷ்டம். பற்று எழுதியாயிற்று, சரக்கு போகவில்லை என்றால் சண்டை. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். முடியாவிட்டால் இரண்டுமே நடக்காதது போல் ஆகிவிட வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் இந்த விதி தவறக் கூடாது. ஜிம் கிரே என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் தொடங்கி இதற்கான வழிமுறைகளை வகுத்தார். அதற்காகக் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த பரிசான டூரிங் விருதை 1998இல் பெற்றார்.

ரயில் டிக்கெட்டில் இதை நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம். நாகர்கோவில் சந்திப்பில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே நிமிடத்தில் கன்னியாகுமரி எக்ஸ்பிரசில் கடைசிப் படுக்கையைக் கேட்டால், ஒருவருக்குத்தான் கிடைக்கும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் 1999இல் ஒரே வலைப்பின்னலாக இணைக்கப்பட்ட பிறகு, எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது இதனால்தான். இரண்டு பில் போடும் இடம் வைத்திருக்கிற கடைக்காரருக்கும் இதே பிரச்சினை உண்டு. இருப்பில் உள்ள கடைசி மூடையை இரண்டு பேருக்கும் விற்றுவிடக் கூடாது அல்லவா?

வியாபாரி வீட்டில் பிறந்த மென்பொருள்

நம் நாட்டுக் கடைகளுக்கு இந்த வசதி வந்த கதையில் வியாபாரிகள் பெருமைப்பட ஒன்று உண்டு. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திரப் பாகங்களும் விற்று வந்தார். தம் தொழிலுக்குத் தோதான கணக்கு மென்பொருள் சந்தையில் கிடைக்காததால், மகன் பரத் கோயங்காவிடம் எழுதச் சொன்னார். 1986இல் இப்படித் தொடங்கியதுதான் பின்னர் டாலி என்று பெயர் பெற்றது. ஒவ்வொரு கணக்குக்கும் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்த காலத்தில், பேரேட்டில் எழுதுவதுபோல் பெயரைத் தட்டினாலே போதும் என்று ஆக்கியது அதன் வெற்றிக்கு முக்கியக் காரணம். பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. தென்காசியில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனமும் இன்று கணக்கு மென்பொருள் தருகிறது. ஆக, இது எங்கோ மேல்நாட்டுக்காரர் சமாச்சாரம் அல்ல.

மரச்சீனியும் கப்பையும் ஒன்றுதானே!

ஆனால் எந்த மென்பொருளும் நம் ஊரைத் தெரிந்துகொண்டு வருவதில்லை. நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டில் மரச்சீனி என்போம். மேற்கே போனால் கப்பை என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் பட்டியலில் மரவள்ளி என்று இருக்கும். ஏத்தன் என்றாலும் நேந்திரம் என்றாலும் காய் ஒன்றுதான். காலையில் ஒரு பையன் ஒரு பெயரிலும், மாலையில் இன்னொரு பையன் வேறு பெயரிலும் பதிந்தால், கணிப்பொறி அவற்றை இரண்டு சரக்காகவே நினைக்கும். ஒன்றில் இருப்பு மீதம் காட்டும். மற்றதில் இல்லை என்று காட்டும். தரவுத்தளத்தில் ஒரு சரக்குக்கு ஒரு குறியீட்டு எண் என்று வைப்பது இதற்காகத்தான். பெயர் நாலு இருக்கலாம். எண் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

அளவும் அப்படியே. தேங்காயைத் தோப்பில் எண்ணத்துக்கு வாங்குகிறோம், மொத்தத்தில் கிலோவுக்குக் கொடுக்கிறோம், சில்லறையில் மறுபடி எண்ணத்துக்கு விற்கிறோம். கருப்பட்டி சிப்பமாக வருகிறது, கிலோவாகப் போகிறது. இரண்டு அளவுகளையும் சேர்த்து வைக்கத் தெரியாத மென்பொருள் நம் மாவட்டத்துக்கு ஆகாது. வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லை ஒன்று இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கல்லெறி தூரத்தில் கேரளம். அங்கிருந்து சரக்கு வந்தால் அது மாநிலம் விட்டு மாநிலம், ஐ.ஜி.எஸ்.டி. சுமார் 700 கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னையிலிருந்து வந்தால் அது உள்மாநிலம். மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. தூரத்தை வைத்து அல்ல, ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை வைத்தே கணிப்பொறி இதைப் பிரிக்கிறது. தமிழகத்துக்கு 33, கேரளத்துக்கு 32. பார்ட்டியின் எண்ணைச் சரியாகப் பதிந்தால் வரி தானாகச் சரியாக விழும். அதில் பிசகினால் அந்தப் பார்ட்டியின் அத்தனை பில்லும் பிசகும். ஒரே இடத்தில் எழுதுவதன் நன்மையும் இதுதான், ஆபத்தும் இதுதான்.

நம் புத்தகம் மற்றவர் புத்தகத்தோடு சேர்ந்தது

1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டத்தின் காலத்தில் நம் கணக்கு நம் பெட்டிக்குள் இருந்தது. அதிகாரி கேட்டால் எடுத்துக் காட்டினோம். 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. வரி விகிதம் மாறியதைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. நாட்டிலுள்ள பதிவு பெற்ற வியாபாரிகளின் பில்கள் எல்லாம் ஒரே பெரிய தரவுத்தளத்தில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கப்படலாயின.

இதனால் சில்லறை வியாபாரியின் பணம் மொத்த வியாபாரியின் பதிவில் தொங்குகிறது. நாங்கள் ஒரு கடைக்கு 2 லட்சம் ரூபாய்க்கு 5 சதவீத வரியுள்ள சரக்கு அனுப்பினால் வரி 10,000 ரூபாய். அந்தப் பில்லை நாங்கள் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் ஏற்றினால்தான், அது கடைக்காரரின் 2பி பட்டியலில் தெரியும். 2022 ஜனவரி 1 முதல், 2பி-யில் தெரியாத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. பில் கையில் இருக்கிறது, பணமும் கொடுத்தாயிற்று, சரக்கும் வந்து விற்றும் விட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் பதிவு இல்லையென்றால் அந்த 10,000 ரூபாய் அவருக்கு நின்றுவிடும். சிறிய கடைக்கு அந்தச் சரக்கின் லாபமே அதில் போய்விடும். இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரி இல்லாததால் இந்தக் கவலை இல்லை. மற்ற எல்லோருக்கும் உண்டு.

ஆகவே மொத்த வியாபாரிகளான எங்களுக்கு ஒரு கடமை. மாதாந்திரப் படிவம் போடுகிறவர்கள் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் பில்களைத் தவறாமல் ஏற்றிவிட வேண்டும். சில்லறை வியாபாரிகளுக்கும் ஒரு கடமை. 14ஆம் தேதி வரும 2பி பட்டியலை உங்கள் கொள்முதல் பதிவோடு ஒவ்வொரு மாதமும் ஒத்துப் பாருங்கள். 2024 அக்டோபர் முதல், நம் பெயருக்கு வந்த பில்லை ஏற்கவோ மறுக்கவோ நிறுத்திவைக்கவோ வலைத்தளத்திலேயே வசதி உண்டு. விடுபட்டிருந்தால் உடனே சரக்கு கொடுத்தவருக்குப் போன் செய்யுங்கள். ஒரு நிதியாண்டின் வரவை அடுத்த நவம்பர் 30ஆம் தேதிக்குப் பிறகு பொதுவாக எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். சரக்குக்குரிய பணத்தை 180 நாளுக்குள் கொடுக்காவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும் என்ற விதியும் உண்டு. இந்தத் தேதிகளை முன்கூட்டியே எச்சரிப்பது நல்ல மென்பொருளுக்கு எளிய வேலை.

ஒரே இரவில் மாறிய வரி

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. 12 சதவீத, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் நீங்கின. குளியல் சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய் 12-லிருந்து 5 ஆனது. 21ஆம் தேதி இரவு கடையை ஒரு விகிதத்தில் அடைத்து, மறுநாள் காலை வேறு விகிதத்தில் திறந்தோம்.

மென்பொருளின் தரம் அன்று தெரிந்தது. தரவுத்தளத்தில் வரி விகிதத்தோடு அது எந்தத் தேதி முதல் என்பதையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். சோப்பு: 21-9-2025 வரை 18, 22-9-2025 முதல் 5. இப்படி இருந்தால் பழைய பில்கள் பழையபடியே நிற்கும். புதியவை புதிய விகிதத்தில் விழும். ஆகஸ்டில் 18 சதவீதத்தில் விற்ற சோப்பு அக்டோபரில் திரும்பி வந்தால், வரவுக் குறிப்பு பழைய 18 சதவீதத்திலேயே போடப்பட வேண்டும். பழைய விகிதத்தை அழித்துவிட்டு அதன் மேல் புதியதை எழுதுகிற மென்பொருளில் இந்தக் கணக்கு குழம்பும். முன்னோர் பேரேட்டில் தவறு நேர்ந்தால் சுரண்டி எழுதாமல், கோடிட்டுத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் எழுதுவார்கள். அதே ஒழுக்கம்தான் இது. ஜி.எஸ்.டி. விதிகளில் 56ஆவது விதியும், கணிப்பொறியில் வைக்கும் கணக்கில் எதைத் திருத்தினாலும் நீக்கினாலும் அதன் தடயம் பதிவாகி இருக்க வேண்டும் என்று சொல்கிறது.

நமக்கு எது வேண்டும், எது வேண்டாம்

இணையத்தில் உலகம் முழுவதும் விற்கும் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு கணிப்பொறி போதாது. ஒரே தரவுத்தளத்தை ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் பிரித்து வைக்கிறார்கள். கூகுள் 2006இலும் அமேசான் 2007இலும் தங்கள் முறைகளை வெளியிட்ட பிறகு இந்தப் புதுவகைகள் பெருகின. யு.பி.ஐ. மூலம் 2025 ஆகஸ்டில் மட்டும் 2,000 கோடிப் பரிமாற்றங்கள் நடந்தன. அந்த அளவுக்கு அப்படிப்பட்ட ஏற்பாடுகள் தேவை.

நமக்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 100 பில், பில்லுக்கு 10 சரக்கு, ஆண்டுக்கு 360 நாள். மொத்தம் 3 லட்சத்து 60 ஆயிரம் வரிகள். தரவுத்தளத்துக்கு இது கைப்பிடி அரிசி. நம் சட்டைப் பையிலுள்ள செல்போனிலேயே எஸ்.கியூ.லைட் என்ற சிறிய தரவுத்தளம் இருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000இல் உருவாக்கி யாருக்கும் இலவசம் என்று விட்டது. நாம் சேமித்து வைக்கும் போன் நம்பர்கள்கூட ஆண்ட்ராய்டு போனில் அதில்தான் இருக்கின்றன. ஆகவே "உங்கள் கடைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டும்" என்று யாராவது சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

பெரிய கடைகள் நம்மை முந்துவது இயந்திரத்தின் அளவால் அல்ல. எது எத்தனை இருக்கிறது, எது என்றைக்குக் காலாவதி, எது ஓடவில்லை என்று அவர்களுக்கு அன்றன்றே தெரிகிறது. இதை நாமும் செய்ய முடியும். கொள்முதலின்போதே பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் பதிந்துவிட்டால், முதலில் காலாவதியாவதை முதலில் விற்கலாம். ஒரு பேட்சில் குறை என்று கம்பெனி திரும்பக் கேட்டால், எந்தக் கடைக்குப் போனது என்று உடனே சொல்லலாம். செயற்கை நுண்ணறிவு வந்து, "இந்த வாரம் என்ன வாங்கலாம்?" என்று தமிழிலேயே கேட்டுப் பதில் பெறும் நிலையும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் இரவில் நினைவிலிருந்து பதியும் கடையில் அதன் பதிலும் அரைகுறையாகத்தான் இருக்கும். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

புயலும் தீயும் சொன்ன பாடம்

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை மறக்க முடியாது. மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில்தான் பலசரக்குக் கடை ஊருக்கு மிகவும் தேவை. இணையம் இல்லாமல் பில் போட முடியாத மென்பொருள் அன்று பெட்டிப் பாம்பு.

தென் கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரிலுள்ள அரசுத் தகவல் மையத்தில் மின்கல அறையில் தீப் பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற ஏற்பாடு முற்றிலும் எரிந்தது. வேறு இடத்தில் நகல் இல்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் ஒரு நாட்டின் அரசுக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

நகல் எடுப்பது ஆலோசனை மட்டுமல்ல, சட்டமும்கூட. கணிப்பொறியில் கணக்கு வைப்பவர்கள், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தாலும் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57 கூறுகிறது. கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் காப்பாற்றவும் வேண்டும். மென்பொருள் கம்பெனி மூடிப்போனாலும், சந்தாவை நிறுத்தினாலும் இந்தப் பொறுப்பு நம்மைவிட்டுப் போகாது.

மென்பொருள் வாங்குமுன் ஆறு கேள்விகள்

1. இணையமும் மின்சாரமும் இல்லாத நேரத்தில் பில் போட முடியுமா? பிறகு தானாகச் சேர்ந்துகொள்ளுமா?

2. எங்கள் கணக்கு முழுவதையும் நாங்களே, உங்கள் உதவி இல்லாமல், எக்செல் போன்ற பொதுவான வடிவத்தில் எடுத்துக்கொள்ள முடியுமா? சந்தா முடிந்த பிறகும் முடியுமா?

3. ஒரு சரக்குக்குப் பல பெயர், இரண்டு அளவு, பேட்ச், காலாவதித் தேதி ஆகியவற்றை வைக்க முடியுமா?

4. வரி விகிதத்தைத் தேதியோடு வைக்கிறதா?

5. யார், எப்போது, எதைத் திருத்தினார் என்று காட்டுமா? ஒவ்வொரு பையனுக்கும் தனி நுழைவுச் சொல் உண்டா?

6. எங்கள் வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும் வேறு யாருக்காவது போகுமா? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. நம்மை நம்பிக் கொடுத்த நம்பருக்கு நாம்தான் பொறுப்பு.

இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சாவி அடுத்தவரிடம் இருக்கும் பெட்டியில் யாரும் பணம் வைப்பதில்லை. கணக்கும் பணம்தான்.

வாங்கியபின் செய்ய வேண்டியதும் எளிது. சரக்கு கடையேறும்போதே பதிவு செய்யுங்கள். தினமும் கடை அடைக்குமுன் ஒரு நகல் எடுங்கள். வாரம் ஒரு நகலைக் கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல. வருடம் இரண்டு தடவையாவது கணிப்பொறி காட்டும் இருப்பையும் குடோனில் உள்ள மூடைகளையும் எண்ணி ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால், நம்ப வேண்டியது மூடையைத்தான்.

சிட்டை போய் நாள்வழி வந்தாலும், பேரேடு போய் டாலி வந்தாலும், நாளை வேறு எது வந்தாலும், கணக்கை நாணயமாகவும் உடனுக்குடனும் எழுதுகிற பழக்கம் நம்முடையது. அதைக் கணிப்பொறி நமக்காகச் செய்து தராது. அந்தப் பழக்கம் உள்ள கடைக்குத் தரவுத்தளம் நல்ல கணக்குப்பிள்ளை. இந்த மாத 2பி பட்டியலை இன்றே எடுத்து உங்கள் கொள்முதல் பதிவோடு ஒத்துப் பாருங்கள். எங்களைப் போன்ற மொத்தக் கடைகளின் பில் எதுவும் விடுபட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, சரிசெய்து கொடுப்பது எங்கள் கடமை.